மேட்டு லயத்துக் கொடிக்கயிறு

பாறையைப் படித்தவளிடம் உலகம் இரண்டே கேள்விதான் கேட்கும்: மாணிக்கம் எங்கே கிடக்கிறது, உனக்கு வேலை எப்போது கிடைக்கும்? முதல் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியாது. இரண்டாவதைக் கேட்பவர்களுக்கு ஏதாவது தெரிந்தால் தயவுசெய்து எனக்கும் சொல்லுங்கள்.

வீட்டில் யாருக்கும் பெயர் சொல்ல வராத ஒரு படிப்பை முடித்துக்கொண்டு, சான்றிதழை எந்தச் சுவரில் மாட்டுவது என்று தெரியாமல் நிற்கிறவர்கள் என்னைப் போல் பலர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதில் முக்கியமான சம்பவம் நடந்த அன்று நான் ஊரில் இல்லை. அம்மா போனில் சொன்னதும், பக்கத்து வீட்டுக் காளியம்மா அத்தை பிறகு நேரில் சொன்னதும்தான் என்னிடம் உள்ளவை. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. கேட்டதைக் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

நாநாவின் கல்

எங்கள் தோட்டம் வட்டவளைக்கு மேலே. பஸ் திரும்பிவிடுகிற இடத்திலிருந்து இன்னும் ஏற வேண்டும். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, அம்மா கொழுந்து எடுக்கிறார். உயர்தரப் பரீட்சையில் நான் நன்றாகத்தான் செய்திருந்தேன். ஆனாலும் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கக் கணக்கிடுகிற இசட் புள்ளி எனக்கு எட்டவில்லை. கொழும்புப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியலுக்கு இடம் இருந்தது. சின்ன வயதிலிருந்தே பாறைகள் மேல் ஆசை என்று நேர்முகத் தேர்வுகளில் சொல்வேன். உங்களிடம் அதைச் சொல்ல மாட்டேன். இடம் காலியாக இருந்தது, கொழும்பில் துணிக்கடையில் நிற்கிற அண்ணன் "நான் பாத்துக்கிறேன், நீ போ" என்றான், போனேன்.

முதல் விடுமுறையில், ஹட்டனில் நாங்கள் வழக்கமாகக் குடை வாங்கும் கடைக்கு அப்பாவோடு போனேன். "மகள் கொழும்பில கல்லுப் படிக்குது" என்று அப்பா சொல்லிவிட்டார். நாங்கள் நாநா என்று கூப்பிடும் கடைக்கார முஸ்லிம் அண்ணன் உடனே கடையின் முன்கதவைப் பாதி சாத்திவிட்டு, மேசை லாச்சியின் அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பஞ்சு, அதற்குள் துணி, அதற்குள் தாள், அதற்குள் ஒரு கல். அவருடைய வாப்பா காலத்துக் கல்லாம். நான் பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்பா பெருமையில் மூச்சுவிடாமல் நின்றார்.

"இது குவார்ட்ஸ் நாநா. ஆத்து மணல்ல நெறைய கெடைக்கும்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். நாநா கோபப்படவில்லை. கல்லைத் தாளில் சுற்றி, தாளைத் துணியில் சுற்றி, துணியைப் பஞ்சில் வைத்து, லாச்சியைப் பூட்டினார். எனக்கு ஒரு சோடா உடைத்துக் கொடுத்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்: "பரவாயில்ல மகள். இன்னும் ரெண்டு வருசம் படிங்க, கல்லு தெரிய வரும்."

பாடத்தில் எங்கள் வீடு

மூன்றாம் வருடம் வெளிக்களப் பயிற்சிக்கு எங்களை இறம்பொடைப் பக்கம் அழைத்துப் போனார்கள். வகுப்பில் மலையகத்திலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் அருவியைக் கண்டதும் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் அட்டை கடிக்காமல் இருக்கச் சப்பாத்தில் உப்புத் தடவச் சொல்லிக் கொடுத்தேன். அன்று வகுப்பில் எனக்குக் கிடைத்த மரியாதை அதற்கு முன்போ பின்போ கிடைத்ததில்லை.

விரிவுரையாளர் தெருவோரம் நின்று எதிர்மலையைக் காட்டினார். தேயிலைச் சரிவு, அதை வெட்டிச் சமப்படுத்திய ஒரு கீற்று, அந்தக் கீற்றில் நீளமாக ஒரு லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். மேலே தடித்த மண், அடியில் பாறை, இரண்டுக்கும் நடுவே தண்ணீர் இறங்கும் வழி. கட்டடம் கட்டக் கூடாத இடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்றார். எல்லோரும் படம் பிடித்தார்கள். லயத்து வாசலில் ஒரு பெண் வெங்காயம் உரித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் லயமும் அச்சாக அப்படித்தான் இருக்கும், பின்புற மேடு உட்பட.

"யார் இங்க போய்க் கட்டினது?" என்று பக்கத்தில் நின்ற திலினி கேட்டாள். நல்ல பெண். என் பாடக் குறிப்புகளில் பாதி அவளுடையவை. "வெள்ளைக்காரன் கட்டினான். நாங்க இருக்கோம்" என்றேன் சிங்களத்தில்.  அவள் கேலியே இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்: "அப்ப ஏன் நீங்க வேற இடத்துக்குப் போகல?"

அத்தைக்கு ஒரு நல்லது

அந்த விடுமுறையில் விறகு பொறுக்க அம்மாவோடு லயத்துக்குப் பின்னால் ஏறினேன். எங்கள் மேட்டு லயத்தில் பன்னிரண்டு காம்பரா, அதாவது பன்னிரண்டு வீடு. அதற்கு மேலே தேயிலை நிரைகளுக்கு நடுவில் தரை வெடித்திருந்தது. பிறை நிலா மாதிரி வளைந்து, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை. வெடிப்புக்குக் கீழே இருந்த இரண்டு சவுக்கு மரங்கள் மலையைப் பார்த்து மல்லாந்திருந்தன. மல்லாந்த மரத்தைக் கண்டால் பயப்படு என்றுதான் எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். "அது போன மழைக்கே வந்துருச்சி. ஒன்னும் செய்யல" என்றார் அம்மா, வீட்டுக்கு வந்துபோகும் பூனையைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

வெடிப்பு வளர்கிறதா என்று பார்க்க எங்கள் தொழிலில் ஒரு சாதாரண வழி உண்டு. வெடிப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, இடைத்தூரத்தை அவ்வப்போது அளப்பது. அப்பா எங்கிருந்தோ பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டுகள் இரண்டு கொண்டுவந்தார். சம்மட்டியால் அடித்து இறக்கினோம். அடியில் கல் தட்டியதால் நெஞ்சளவு வெளியே நின்றது. இரண்டிலும் ஒரே உயரத்தில் சிவப்பு வளையம் போட்டேன். நான் கொழும்பில் இருக்கும்போது அம்மா அளக்க வேண்டுமே என்று, ஒரு மூங்கில் கழியை அந்த வளையங்களுக்கு நடுவே இறுக்கமாக உட்காரும்படி வெட்டினேன். ஒரு ஆள் நீளம். யாராவது நுனியை நறுக்கினால் தெரியட்டும் என்று இரண்டு முனையிலும் கியூடெக்ஸ் நகச்சாயம் பூசினேன். "இத மட்டும் பத்திரமா வச்சிக்கங்கம்மா. மாசத்துக்கு ஒருதரம் வச்சிப் பாருங்க. லூசா இருந்தா எனக்குச் சொல்லுங்க" என்றேன்.

மறுநாள் காலை ஏறிப் போனால், குழாய்களுக்கு நடுவே நைலான் கயிறு விறைப்பாகக் கட்டியிருந்தது. அதில் காளியம்மா அத்தையின் இரண்டு பாவாடை, கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற ஒரு படங்கு, ஒரு துவாய். அத்தை பக்கத்துக் காம்பரா; புருசன் இல்லை, ஒரு பசுவும் ஒரு போஞ்சித் தோட்டமும்தான் அவருக்குச் சொத்து. லயத்தில் வெயில் விழுகிற இடம் அந்த மேடு ஒன்றுதான். ஈரத்துணிப் பாரத்தில் குழாய்கள் உள்ளே சாய்ந்தால் அளவு கெட்டுவிடும், அவிழ்த்துவிடுங்கள் என்று எப்படிச் சொல்வது? சொல்ல வாயைத் திறப்பதற்குள் அத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டார்: "இத்தன புள்ளைங்க படிச்சி போனாங்க, நம்ம பொம்பளைங்களுக்குன்னு ஒரு கொடிக்கம்பு நட்டுக் குடுத்தது நீ ஒருத்திதான்டி."

கண்டாக்கு ஐயா

வெளிக்கள வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவைக் காலையில் பெரட்டுக்களத்தில் பிடித்தேன். ஆள் எண்ணி வேலை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பொறுமையாகக் கேட்டார். வெடிப்பைக் களிமண்ணால் மூட வேண்டும், மேலே கான் வெட்டி மழைத் தண்ணீரைத் திருப்ப வேண்டும், கடும் மழை என்றால் மேட்டு லயத்தைக் கீழே இறக்க வேண்டும் என்று நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் முகத்தில் கேலி எதுவும் இல்லை. உள்ளதைச் சொன்னால், பெரட்டுக்களத்தில் என்னை நிமிர்ந்து பார்த்துப் பேசிய முதல் உத்தியோகத்தர் அவர்தான்.

"எந்தக் கேம்பஸ்மா?" என்று கேட்டார். சொன்னேன். "அது பிரைவட் இல்ல?" என்றார். ஆமாம் என்றேன். கான் வெட்ட இரண்டு ஆள் அனுப்பினார். அதற்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும். மற்றதெல்லாம் மேலிடத்து விஷயம் என்றார். போகும்போது வருத்தத்தோடுதான் சொன்னார்: "நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும்மா. ஆனா இதையே கவர்மென்ட் கேம்பஸ் புள்ள ஒன்னு சொல்லியிருந்தா எனக்கு மேல பேச லேசா இருந்திருக்கும்."

அம்மா போனில் சொன்னது

இதுதான் நான் கண்ணால் காணாதது. இறுதிப் பரீட்சை நாட்கள். மலைநாட்டில் விடாத மழை என்று செய்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பரீட்சை மண்டப வாசலில் போனை அணைக்கப் போன நேரம் அம்மா கூப்பிட்டார். காளியம்மா அத்தையின் கொடிக்கயிறு தானாக அறுந்துவிட்டதாம். வெடிப்பு அகன்று குழாய்கள் விலகினால் அப்படி அறும். வேறு என்ன என்று கேட்டேன். ஊற்றுத் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வருகிறது, ஆனால் மழைக்கு அது எப்போதும் அப்படித்தானே என்றார். அதுவரை மாதாமாதம் கழி இறுக்கமாகத்தான் உட்கார்ந்தது; அன்று வைத்துப் பார்க்கச் சொல்ல நேரம் இல்லை. அந்த மழையில் அம்மாவை அந்த மேட்டுக்கு அனுப்பவும் மனம் வரவில்லை. "எல்லாரையும் எறங்கச் சொல்லுங்கம்மா. இப்பவே" என்றேன். மணி அடித்தது. அன்று கனிமவியல். என்ன எழுதினேன் என்று இன்றுவரை நினைவில்லை.

பிறகு அம்மா சொன்னது இது. வீடு வீடாகப் போய்ச் சொன்னாராம். ஒருவர் அசையவில்லை. அடுப்பில் சோறு இருக்கிறது, மழை விட்டதும் பார்ப்போம், கயிறு அறுந்ததற்கெல்லாம் வீட்டை விடுவார்களா என்றார்களாம். அம்மாவுக்கு வாதாடத் தெரியாது. வீட்டுக்குள் போனார். எதை எடுப்பது என்று பதறி, போர்வையை விட்டார், கல்யாணப் படத்தை விட்டார், நான் பத்திரம் என்று சொன்ன மூங்கில் கழியை மட்டும் தோளில் தூக்கிக்கொண்டு, கொட்டுகிற மழையில் பிள்ளைமடுவத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தார். தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற அந்தக் கட்டடம் கீழே சமதரையில் இருக்கிறது. கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், குடையும் சாக்குமாக மேட்டு லயம் முழுவதும் பின்னால் வந்துகொண்டிருந்ததாம். தன் பேச்சைத்தான் கேட்டார்கள் என்று அம்மா இன்றும் நம்புகிறார்.

மலை சரியும் என்றால் எங்கள் ஆட்கள் யோசிப்பார்கள். சாவு வீடு என்றால் யோசிக்க மாட்டார்கள். எந்த மழையிலும் போட்டது போட்டபடி கிளம்பிவிடுவார்கள். இதை எனக்கு விளக்கியது காளியம்மா அத்தை: "ஒங்கம்மா மூங்கிலத் தோள்ல வச்சிக்கிட்டு அழுதுகிட்டே போறாங்க. கீழ் லயத்தில யாரோ போயிட்டாங்க, பாடைக்குத்தான் கொண்டு போறாங்கன்னு நாங்கெல்லாம் எறங்கி வந்தோம். வந்து பாத்தா ஒருத்தரும் சாகலடி!"

வேறு கந்தோர்

பன்னிரண்டு குடும்பமும் பிள்ளைமடுவத்தில் நிற்பதைப் பார்த்த கண்டாக்கு ஐயா மேலிடத்துக்குப் போன் போட்டார். அடுத்தடுத்த நாட்களில் மண்சரிவைப் பார்க்கிற அரசாங்கக் கந்தோரிலிருந்து, அதாவது அலுவலகத்திலிருந்து, ஒரு அதிகாரி வந்தார். பரீட்சை முடிந்து நானும் வந்துசேர்ந்திருந்தேன். மழைச் சட்டை போட்டுக்கொண்டு மேட்டின் அடிவாரம் வரை ஏறி, அங்கிருந்தே வெடிப்பையும் மல்லாந்த மரங்களையும் பார்த்தார். வெடிப்பின் பக்கம் போக எங்கள் யாரையும் விடவில்லை. நான் சிங்களத்தில் விளக்கினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நான் சொன்ன ஒவ்வொன்றும் சரி என்றார். நான்கு வருடத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. நான் அசட்டுத்தனமாகச் சந்தோஷப்பட்டேன்.

லயத்துக் கதவுகளில் சிவப்பு எழுத்துத் தாள் ஒட்டினார்கள்: உள்ளே குடியிருக்கக் கூடாது. விளையாட்டு மைதானத்தில் தகரக் கொட்டில்கள் எழுந்தன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தடுப்பு. தகரத்தில் மழை விழுந்தால் பக்கத்தில் பேசுவது கேட்காது. மழை இல்லாத நேரத்தில் நாலு தடுப்புக்கு அப்பால் இருமுவதும் கேட்கும். வீடு எப்போது கிடைக்கும் என்று அதிகாரியிடம் கேட்டேன். அவருக்கே சங்கடமாக இருந்தது. ஜீப்பில் ஏறும்போது, சிங்களத்தில் தங்கச்சி என்று கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "நங்கி, எழும்பச் சொல்றதுதான் எங்க வேலை. வீடு குடுக்கிறது வேற கந்தோர்."

மலை வரும் நேரம்

மழை விட்டது. மலை விழவில்லை. அடுத்த மழை வந்தது. விழவில்லை. அதற்கடுத்த மழையும் போயிற்று. லயம் மேலே அதே இடத்தில், கூரையில் வெயில் பட, முன்னைவிட அழகாகத் தெரிந்தது. கொட்டிலிலிருந்து பார்த்தால் எல்லோருக்கும் அவரவர் கதவு தெரியும். அதுதான் பெரிய கொடுமை. அத்தையின் போஞ்சித் தோட்டத்தைப் பன்றி தின்றது. பசுவுக்குக் கீழே தொழுவம் இல்லாததால் அக்கரப்பத்தனையில் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அனுப்பிய அன்று அவர் என்னிடம் பேசவில்லை.

அத்தைக்கு ஒரு கணக்கு இருந்தது. கயிறு அறுந்தது மலையால் அல்ல, பசுவால். மேட்டுக்கு மேய விட்டால் அது கழுத்தை அந்தக் கயிற்றில்தான் தேய்க்கும். அன்று பசு தொழுவத்தில்தான் நின்றது என்றார் அம்மா. இல்லை, காலையில் அவிழ்த்து விட்டேன் என்றார் அத்தை. இதைப் பற்றி இரண்டு பேரும் தண்ணீர்க் குழாயடியில் தினமும் பேசிக்கொண்டார்கள். தினமும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா ஒருநாள் கொட்டில் வாசலில் கட்டிய தறப்பாளுக்கு முட்டுக்கொடுக்க அந்தக் கழியை நறுக்கப் போனபோது, அம்மா கத்தியைப் பிடுங்கிவிட்டார். "புள்ளையோட படிப்புச் சாமான்." அது மூலையில் நின்றது, கியூடெக்ஸ் போட்ட இரண்டு முனையோடு.

அந்த நாட்களில் நான் பிள்ளைகளுக்கு விஞ்ஞான டியூஷன் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாலையில் மைதானத்தைக் கடந்தால், கிரிக்கெட் விளையாட இடம் பறிபோன பையன்கள் கொட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருத்தன், மரியாதை குறையாமல், எழுந்து நின்றே கேட்டான்: "அக்கா, மல எத்தன மணிக்கு வரும்? நம்ம பஸ் மாதிரி அதுவும் லேட்டா?"

ஒரே ஒரு கேள்வி

கொழும்பில் ஒரு கட்டுமானக் கம்பனி நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டது. அண்ணனின் கடையிலிருந்து வாங்கிய புதுச் சேலையில் போனேன். களத்தில் என்ன அனுபவம் என்று கேட்டார்கள். மற்றவர்கள் பெரிய பாலங்கள், சுரங்கங்கள் என்றிருப்பார்கள். என்னிடம் இருந்தது இரண்டு தண்ணீர்க் குழாயும் ஒரு கழியும். அதைச் சொன்னேன். கொடிக்கயிற்றையும் சொன்னேன், மறைக்கத் தெரியவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள். நடுவில் இருந்த அம்மையார் சிரிக்கவில்லை. நான் சொன்னதை எழுதிக்கொண்டு, பன்னிரண்டு குடும்பம் இன்னும் கீழேதான் இருக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் கேட்ட கேள்வி வேலை கிடைக்காத துக்கத்தைவிட அதிக நாள் என்னோடு இருந்தது. ரயிலில் வட்டவளை வரும் வரை அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தேன்: "கயிறு அறுந்தது சரி. கழியை வைத்துப் பார்த்தீர்களா?"

கழி

பார்க்கவில்லை. சிவப்புத் தாள் ஒட்டியபின் மேட்டுக்கு யாரும் போகக் கூடாது என்பது ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்கிறேன்: எனக்குப் பயம். கழி இறுக்கமாக நின்றால், ஒரு பசுவின் கழுத்தரிப்புக்காகப் பன்னிரண்டு வீட்டைக் காலி செய்தவள் நான். லூசாக இருந்தால், யாரும் இனி வீட்டுக்குப் போக முடியாது. எது வந்தாலும் எனக்கு நல்லதல்ல.

தீபாவளி நெருங்கியது. கொட்டிலில் பலகாரம் சுட முடியாது, தகரம் கொதிக்கும். பண்டிகைக்கு மேலே போய்விடுவோம், தாளைக் கிழித்தால் போயிற்று என்று பேச்சு எழுந்தது. காளியம்மா அத்தைதான் முன்னால் நின்றார். எல்லோரும் கொட்டில் வாசலில் கூடினார்கள். "சுகந்தி, இன்னைக்கி ஒரு முடிவு சொல்லு. நாங்க போலாமா, கூடாதா?" என்று கேட்டார் அத்தை. நான் மூலையிலிருந்த கழியை எடுத்தேன். மழை விட்டு நாளாகியிருந்தது, தரை காய்ந்திருந்தது. வெடிப்பை மிதிக்காமல் பக்கத்து நிரை வழியாக ஏறலாம் என்று எனக்குத் தெரியும். அப்பா வந்தார். அத்தை, "என் கயித்த நானே பாக்கணும்" என்று கூடவே வந்தார்.

ஏறும்போது ஒரு வேண்டுதல் வைத்தேன். நான்கு வருடப் படிப்பு, அண்ணனின் உழைப்பு, எல்லாம் வீணாகப் போனாலும் பரவாயில்லை, கழி இறுக்கமாக நிற்கட்டும். லயத்துப் பிள்ளைகள் என்னைப் பெயர் சொல்லிக் கேலி செய்யட்டும். அத்தை பசுவைக் கூட்டிக்கொண்டு வரட்டும்.

அறுந்த கயிறு இரண்டு குழாயிலும் இரண்டு வாலாகத் தொங்கியது. முதலில் கழியின் முனைகளைப் பார்த்தேன். கியூடெக்ஸ் அப்படியே இருந்தது, யாரும் நறுக்கவில்லை. குழாய்கள் சாய்ந்திருக்கின்றனவா என்று பார்த்தேன், வெளிப்பக்கம் சாயவில்லை. துணிப் பாரத்தால் உள்ளே சாய்ந்திருந்தால் இடைவெளி குறைந்திருக்க வேண்டும். அப்பாவை அந்தப் பக்கத்துக் குழாயருகே போய் முனையைப் பிடிக்கச் சொல்லி, சிவப்பு வளையத்தில் வைத்தேன். நான் என் பக்கத்து முனையை என் வளையத்துக்குக் கொண்டுவந்தேன். முட்டவில்லை. கழிக்கும் குழாய்க்கும் நடுவே என் கையை மணிக்கட்டு வரை விட்டேன். தாராளமாகப் போயிற்று. கையை எடுத்து, கழியின் முனையை வெடிப்புக்குள் விட்டேன், நழுவி உள்ளே போய்விட்டது. நாங்கள் முன்பு பார்த்தபோது அதில் விரல்தான் நுழையும்.

மலை இன்னும் வரவில்லை. ஆனால் கிளம்பிவிட்டது.  அப்பா என் தலையில் கை வைத்துவிட்டு லயத்தின் பக்கம் திரும்பி நின்றார். அத்தை வெடிப்பை எட்டிப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பசுவைப் பற்றி எதுவும் பேசவில்லை. குழாயில் தொங்கிய கயிற்று வால்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, முடிச்சுப் போட்டு ஒன்றாக்கி, சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். இறங்கத் தொடங்கியபின், முன்னால் நடந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "சரி புள்ள. இனி இத எங்க கட்றதுன்னு நீயே சொல்லு."

நான்கு வருடம் படித்து நான் சொன்னவற்றில் சரியென்று நானே பார்த்துத் தெரிந்துகொண்டது இது ஒன்றுதான், தவறாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதும் இது ஒன்றைத்தான்.